வேலியைப் பிளந்த குழாய்

ஐந்தடி நீளம், மணிக்கட்டுப் பருமன், உள்ளே இறுகத் திணித்த வெடிமருந்து. இரண்டு முனைகளிலும் அடுத்த குழாயை மாட்டிக்கொள்ள வழி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால், ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர்கள் லாரியில் அடுக்கிக்கொண்டு போகும் குழாய்களில் ஒன்று என்றே தோன்றும். பல நாட்டுப் படைகள் இதைத் தங்கள் கையிருப்பில் வைத்திருக்கின்றன. அவற்றில் பல படைகளின் சிப்பாய்கள் இதற்குச் சொல்லும் பெயர் ஒன்றுதான்: பெங்களூர் டார்பிடோ. அவசரத்தில் வெறும் 'பெங்களூர்'.

1912-ல் இதை உருவாக்கியவர் கேப்டன் மெக்ளின்டாக். ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவைச் சேர்ந்த அவர், அப்போது பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், சிப்பாய்கள் தென்னிந்தியர்கள். அந்தச் சிப்பாய்களுக்குப் படைக்குள் வழங்கிய செல்லப் பெயர் 'தம்பி'. இன்று மதராஸ் இன்ஜினியர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி., என்று பெயர் மாறிய பிறகும் தம்பி தம்பிதான்.

சாப்பர் என்றால் போர்க்களத்துப் பொறியாளர். வழியில்லாத இடத்தில் படைக்கு வழி போடுவதும், எதிரி வரும் வழியை அடைப்பதும் அவர் வேலை. காலாட்படை முன்னேற வேண்டிய இடத்துக்கு அவர் முதலில் போயாக வேண்டும். ஆற்றில் பாலம் வேண்டுமானால் ஆற்றங்கரைக்கு, வேலியை அறுக்க வேண்டுமானால் வேலிக்கு. கையில் துப்பாக்கி உண்டு. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு கைகளும் வேறு வேலையில் இருக்கும். இந்தக் குழாயின் கதை, அப்படி முன்னால் போகிற மனிதனை எவ்வளவு தூரம் பின்னால் நிறுத்தலாம் என்று யோசித்ததன் கதை. நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

குழாய்க்கு முன்னால் முள்ளைப் பற்றிப் பேச வேண்டும்.

கோட்டையைச் சுற்றி முள்ளை வளர்ப்பது நமக்குப் பழகிய கலை. சங்கப் பாடல்களில் மதிலுக்கும் அகழிக்கும் வெளியே காவற்காடு நிற்கிறது. மிளை என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. முற்றுகையிடுவதை உழிஞை என்றும், மதில் காப்பதை நொச்சி என்றும் திணை பிரித்தவர்கள் நம்மவர்கள். அரசன் வேல் எறிந்ததைப் பாட்டு சொல்லும், யானை கதவை முட்டியதைச் சொல்லும். மிளையை வெட்டித் திறந்த ஆளின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பின்னாளிலும் அவன் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கியது. சென்னைக் கோட்டையே கலங்கிப்போன அந்த மாதத்தின் கடைசியில், 30-ஆம் தேதி, இரண்டு கம்பெனி 'பயனீர்'களைத் திரட்டினார்கள். மண்வெட்டி, கோடரி, கடப்பாரையோடு படைக்கு முன்னால் நடக்கிற ஆட்கள். அவர்களைத் திரட்டியவர் மூர்ஹவுஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி. மதராஸ் சாப்பர்ஸ் தங்கள் பிறந்தநாளை அன்றிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அடுத்த ஆண்டே சோளிங்கர் போர். அந்த ஊரின் பெயர் இன்றும் அவர்களுடைய போர் விருதுகளின் வரிசையில் இருக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1791 மார்ச்சில், காரன்வாலிஸின் படை திப்புவின் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. கோட்டைக்கு வெளியே பேட்டை. அதைச் சுற்றி அகழி. அகழியோடு சேர்த்து, உள்ளே நுழையவே முடியாதபடி அடர்ந்து வளர்ந்த முட்புதர். அதைக் கடக்க வழியில்லாததால் மோதல் முழுவதும் வாயிற்கதவில் வந்து குவிந்தது. கதவைத் தகர்க்கப் பீரங்கியை முன்னுக்குக் கொண்டுவந்த மூர்ஹவுஸ் அங்கேயே குண்டடிபட்டு இறந்தார். அந்தக் காட்சியை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் பெரிய படமாகத் தீட்டினார். முள்ளால் சூழப்பட்ட அதே ஊரில், மூர்ஹவுஸ் தொடங்கிய அதே படையில், 121 ஆண்டுகள் கழித்து முள்வேலியைத் திறக்கும் கருவி பிறந்தது. இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் படையின் கதையில் நமக்கு வலிக்கும் பக்கமும் உண்டு. 1801-ல் மருது சகோதரர்களைப் பிடிக்கக் காளையார்கோவில் காட்டுக்குள் சாலை போட முயன்றார்கள். சிறுவயலிலிருந்து மரத்தையும் முள்ளையும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மாதம் போல வெட்டியும் காடு விடவில்லை. பகலில் வெட்டினால் இருபுறமும் மறைந்திருந்து சுட்டார்கள். கடைசியில் அந்தச் சாலையைப் பாதியில் கைவிட்டார்கள். பிறகு வேறு வழியாகப் போய்த்தான் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கிலிட்டார்கள். கோடரி பிடித்தவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள், காட்டுக்குள் இருந்தவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள். கூலிக்கு ஆள் சேர்த்த கம்பெனிக்கு அது ஒரு கவலையாகவே இருந்ததில்லை. இருந்தாலும் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துபோன உண்மை ஒன்று உண்டு. முள்ளை வெட்டுகிறவன் வெட்டி முடிக்கும்வரை ஒரே இடத்தில் நிற்க வேண்டும், நிற்கிறவனைச் சுடுவது சுலபம்.

1831-ல் படையின் பெயர் 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆயிற்று. நீலகிரி மலைப்பாதை, தவளேஸ்வரத்தில் ஆர்தர் காட்டன் கட்டிய கோதாவரி அணை என்று அமைதிக் காலப் பணிகளும் அவர்கள் கையால் நடந்தன. அதைத் தனியே எழுத வேண்டும். இங்கே முள்ளுக்குத் திரும்புகிறேன்.

1874-ல் அமெரிக்காவின் இல்லினாயில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முட்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மாடு பயிரை மேயாமல் இருக்கத்தான். கால் நூற்றாண்டுக்குள் அது போர்க்களத்துக்கு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் போயர்களை மடக்க ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய 8,000 காவல் குடில்களைக் கட்டி, அவற்றுக்கு இடையே ஆயிரக்கணக்கான மைல் கம்பி இழுத்தார்கள். 1904-ல் போர்ட் ஆர்தர் முற்றுகையில் ரஷ்யர்கள் கோட்டைகளுக்கு முன்னால் கம்பி வலை விரித்தார்கள். ஜப்பானியச் சிப்பாய்கள் கத்தரியோடு தவழ்ந்து போய் மடிந்தார்கள். அப்போது ஜப்பானியப் பொறியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள்: மூங்கிலில் வெடிமருந்தை அடைத்துக் கம்பிக்கு அடியில் நீட்டினார்கள். குழாயின் முதல் வடிவம் அந்த மூங்கில்தான் என்பது என் எண்ணம். அந்தப் போரைப் பார்க்கப் பல நாடுகளும் தங்கள் ராணுவ அதிகாரிகளை அனுப்பியிருந்தன. அவர்கள் எழுதிய அறிக்கைகளை உலகம் முழுவதும் பொறியாளர்கள் படித்தார்கள்.

கம்பியை ஏன் சுலபமாகத் தகர்க்க முடிவதில்லை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுவர் வெடியின் அதிர்வை முகத்தில் வாங்கும், வாங்கினால் இடியும். கம்பி வலையில் இருப்பது பெரும்பாலும் வெற்றிடம். வெடிக்காற்று இடுக்குகளின் வழியே போய்விடும். ஒரு மூட்டை மருந்தை வலைமேல் வீசி வெடித்தால், அந்த இடத்தில் ஒரு குழி விழும், பக்கத்துக் கம்பிகள் துள்ளி எழுந்து முன்னைவிடச் சிக்கலாக விழும். கத்தரியால் வெட்டலாம்தான். ஆனால் இழுத்துக் கட்டிய கம்பி அறுபடும்போது ராத்திரி அமைதியில் தந்தி அறுந்ததுபோல் கேட்கும். எதிரி அதில் காலி டப்பாக்களையும் கட்டித் தொங்கவிட்டிருப்பான். பத்து மீட்டர் அகலமுள்ள வலையில் எத்தனை இழைகள்! அத்தனை இழைக்கும் ஒரு மனிதன் மல்லாந்து படுத்தபடி கத்தரியை மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மெக்ளின்டாக்கின் விடை எளிமையானது. மருந்தை ஒரே இடத்தில் குவிக்காமல் நீட்டிவிடு. வலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, தரையோடு தரையாக, ஒரே கோடாக. அப்போது ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே, தொட்டுவிடும் தூரத்தில் வெடி இருக்கும். குழாய் சிதறிப் பறக்கும் இரும்புத் துண்டுகள் கம்பியை அறுக்கும். குவித்த மருந்து குழி போட்டது, நீட்டிய மருந்து பாதை போட்டது. மூங்கிலுக்குப் பதில் இரும்பு, ஒரே நீளக் கழிக்குப் பதில் ஒன்றோடு ஒன்று கோக்கும் துண்டுகள். வலை எவ்வளவு அகலமோ அவ்வளவு துண்டுகள் போதும்.

கோக்கும் துண்டுகள் என்பதில்தான் இந்தக் கருவியின் உயிர் இருக்கிறது. பதினைந்து மீட்டர் கழியை யாராலும் தவழ்ந்துகொண்டு தூக்கிப்போக முடியாது. ஐந்தடித் துண்டை முடியும். சாப்பர் பள்ளத்திலோ மேட்டின் மறைவிலோ படுத்திருப்பார். முதல் துண்டின் முன்முனையில் உருண்டையான மூக்கு ஒன்றை மாட்டுவார். அது இல்லாவிட்டால் புல் வேரிலும் கம்பி முள்ளிலும் குழாய் சிக்கிக்கொள்ளும். அந்தத் துண்டைத் தள்ளுவார். பின்னால் படுத்திருப்பவர் இரண்டாவதை நீட்ட, அதைக் கோத்துத் தள்ளுவார். பிறகு மூன்றாவது. குழாய்தான் வேலிக்குள் போகிறது, ஆள் போவதில்லை. தரையில் கண்ணிவெடி புதைந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் மருந்தில்லாத வெறும் துண்டு ஒன்றை மாட்டிவிடுவார்கள். குழாய் எதிலாவது இடித்து வெடித்தாலும், தன் மருந்து மொத்தமும் தள்ளுகிறவர் முகத்துக்கு நேரே பற்றிவிடாமல் இருக்க. கடைசியாகத் திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் மறைவுக்குள் உருண்டுவிடுவார்கள்.

எங்கள் சித்தப்பா ஒருவர் எம்.இ.ஜி.யில் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம். அங்கே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போகிற ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர். பெங்களூர் அல்சூரில் அவர் பயிற்சி எடுத்த நாட்களைப் பற்றிக் கேட்டால், துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தைத்தான் முதலில் சொல்வார். ஒரு பேனல் ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஆறில் ஒருவர் கால் பிசகினாலும் ஐந்து பேரின் முதுகு போயிற்று. ஏரியில் படகு, மிதவைப் பாலம். தரையில் கண்ணிவெடி தேடும் கம்பி. பிறகு ஆளுக்கொரு தொழில்: தச்சு, கொத்து, எலெக்ட்ரிக்கல், டோசர் ஓட்டுவது. படையில் புதிதாகச் சேர்கிறவனை மற்ற இடங்களில் சிப்பாய் என்பார்கள், இங்கே சேர்ந்த நாளிலிருந்தே அவன் 'சாப்பர்'. அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார்.

குழாய் தள்ளும் பயிற்சியைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

"தள்ளுறது ஒண்ணும் பெரிசில்லப்பா. தலையைத் தூக்காம தள்ளணும். அதான் கஷ்டம். முன்னாடி எங்கே போகுதுன்னு பார்க்கத் தோணும். பார்த்தே, போச்சு."

"அப்போ எப்படி சித்தப்பா தெரியும், வேலியைத் தாண்டிடுச்சுன்னு?"

"எண்ணிக்கைதான். எத்தனை துண்டு உள்ளே போயிருக்கு, எத்தனை கையில இருக்கு. மூக்கு மண்ணுல முட்டுச்சுன்னா உள்ளங்கையில தெரியும். கொஞ்சம் பின்னாடி இழு, திருப்பு, மறுபடி தள்ளு. உஸ்தாத் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, முழங்கை மேல வந்தா ஒரு குச்சியால தட்டுவாரு."

"பயமா இருக்காதா?"

"கையில வேலை இருக்குறப்போ என்ன பயம்? முடிச்சுட்டுத் திரும்பி வந்து டீ கிளாஸைப் பிடிக்கிறப்போதான் கை நடுங்கும்."

ஒருவன் சாப்பராக மாறுவது இப்படித்தான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். கருவியை உள்ளங்கையால் படிக்கிற வரைக்கும் பயிற்சி முடிவதில்லை.

மெக்ளின்டாக் குழாயைச் செய்து இரண்டு ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்தது. பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை பதுங்குகுழி, அதற்கு முன்னால் கம்பி. வேலியை அறுப்பது பீரங்கியின் பொறுப்பு என்று தளபதிகள் நம்பினார்கள். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அதற்கு முன் ஒரு வாரமாகக் குண்டு மழை பொழிந்திருந்தது. ஆனால் பல இடங்களில் கம்பி அப்படியே நின்றது. அறுபடாத வேலியின் முன்னால் திறப்புத் தேடிக் கூடிய ஆட்களை இயந்திரத் துப்பாக்கி வாரிப்போட்டது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அந்த எண்ணிக்கைக்குக் காரணங்கள் பல, அறுபடாத கம்பி அவற்றில் முக்கியமான ஒன்று. இரவு நேரத்தில் சிறு குழுக்கள் நடத்திய திடீர்த் தாக்குதல்களிலோ, அம்மோனல் என்ற வெடிமருந்து அடைத்த குழாய்கள் சத்தமில்லாமல் நுழைந்து வழி திறந்தன. பல மைல் நீளப் போர்முனைக்கு அது போதாது. ஐம்பது பேர் நுழைய ஒரு சந்து வேண்டும் என்றால் அதைவிடச் சிறந்தது அன்று வேறில்லை.

இரண்டாம் உலகப் போருக்குள் குழாய் தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. அமெரிக்கப் படையின் ஒரு துண்டு 13 பவுண்டு எடை, அதில் 9 பவுண்டு மருந்து. பத்துத் துண்டுகள் ஒரு பெட்டி. 1944 ஜூன் 6 காலை, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. சறுக்கிப்போன திட்டம், மூழ்கிய டாங்கிகள், மணலில் குப்புறக் கிடந்த மனிதர்கள். கரையோரத் தடுப்புச் சுவருக்கு அப்பால் சாலை, சாலை ஓரத்தில் முட்கம்பி. சுவரோடு ஒட்டிக் கிடந்தால் மார்ட்டர் குண்டு, எழுந்தால் இயந்திரத் துப்பாக்கி. அங்கே ஐந்தாவது ரேஞ்சர் பட்டாலியனின் ஆட்கள் கம்பிக்கு அடியில் குழாய்களைத் தள்ளி நான்கு இடங்களில் திறந்தார்கள். அந்தத் திறப்புகளின் வழியாகத்தான் அந்தப் பகுதியில் ஆட்கள் மேட்டில் ஏறினார்கள். அந்தக் காலை எத்தனையோ பேர் வாயில் 'பெங்களூர்' என்ற சொல் வந்திருக்கும். அது எங்கே இருக்கிற ஊர் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞானோ ஊருக்கு அருகில் மதராஸ் சாப்பர்ஸின் ஒரு குழு கண்ணிவெடி வயலுக்குள் பாதை திறந்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு எல்லா நேரமும் குழாய் உதவிவிடாது. வெடித்தால் எதிரி விழித்துக்கொள்வான். அதுவுமில்லாமல், புதைத்த வெடிகளில் எது மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒருவர் கருவியால் தேடிக்கொண்டு முன்னால் போக, பின்னால் வருகிறவர் பாதையைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். சுபேதார் சுப்பிரமணியன் அந்தக் குழுவின் தலைவர். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். குழுவில் ஒருவர் கால் ஒரு கண்ணிவெடியில் பட்டுவிட்டது. மிதித்ததற்கும் வெடிப்பதற்கும் இடையில் சில நொடிகள். என்ன நடக்கப்போகிறது என்று அந்த வேலையில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். சுப்பிரமணியன் அதன்மேல் குப்புற விழுந்தார். அவர் உடல் வாங்கிக்கொண்டதில் மற்றவர்கள் பிழைத்தார்கள். வேறு பதக்கத்துக்கு மாற்றாக அல்லாமல், நேரடியாகவே ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். இறந்த பிறகு.

கருவி கொடுத்த தூரம் போதாமல் போன இடத்தில் ஒரு மனிதர் தன்னையே நடுவில் வைத்தார். மிளை வெட்டியவனின் பெயரைச் சொல்லாமல் விட்ட நாம் இவர் பெயரையாவது பள்ளிப் பாடத்தில் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டும் கோயிலும் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குக் கீழ்ஒட்டிவாக்கம் தெரியும்?

குழாயின் கதையில் எனக்குச் சொல்லக் கடினமான பகுதி இலங்கையில் இருக்கிறது. அங்கே உள்நாட்டுப் போரில் முகாம்களைச் சுற்றிய முட்கம்பிச் சுருள்களையும் மண் அணைகளையும் உடைக்க இரு தரப்பும் இதைப் பயன்படுத்தின. குழாயைத் தள்ளிக்கொண்டு முதலில் போனவர்களில் இளவயதுத் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். எதிர்ப்புறம் மடிந்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். தள்ளுகிறவனின் உயிரைக் காக்க என்று பிறந்த ஒன்று, அவனை வேலிவரை அனுப்புவதையும் சுலபமாக்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இதன் வரலாற்றை எழுத முடியும்.

நீட்டிய வெடி என்ற அந்த யோசனை பிறகு பல உருவம் எடுத்தது. கனடியர்கள் இதையே பெரிதாக்கி, டாங்கியால் தள்ளும்படி செய்து 'ஸ்நேக்' என்றார்கள். இப்போது அமெரிக்கப் படையில் இரண்டு பேர் முதுகில் சுமந்து போகும் கருவி ஒன்று உண்டு. சிறு ராக்கெட் ஒன்று, கையெறி குண்டுகளைக் கோத்த 45 மீட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டு பறந்து வேலிமேல் போடும். சுமந்தவர்கள் 25 மீட்டர் பின்னால் இருப்பார்கள். 1912-ல் மெக்ளின்டாக்கின் குழாய் வாங்கிக் கொடுத்த இடைவெளி ஏறக்குறைய பத்தடி. அதற்கு முன்னால் கத்தரி பிடித்தவனுக்கும் கம்பிக்கும் இடையே இருந்தது ஒரு கை நீளம்.

இரும்புக் குழாயும் ஒழிந்துவிடவில்லை. விலை குறைவு, பழுதாக அதில் எதுவும் இல்லை, மழையிலும் சேற்றிலும் வேலை செய்யும். இன்று அக்னிவீரராகச் சேர்ந்து அல்சூருக்குப் போகிற தம்பிக்கும் வேலி, கண்ணிவெடி, பாலம் என்ற மூன்றும் பாடத்தில் உண்டு. சேர நினைக்கும் பையன்கள் சித்தப்பாவிடம் வந்து ஓட்டம், உயரம், எழுத்துத் தேர்வு பற்றிக் கேட்பார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தவறாமல் ஒன்று கேட்பார்: "வீட்டுல ஏதாவது ரிப்பேர் ஆனா நீயே பிரிச்சுப் பார்ப்பியா, இல்லே ஆளைக் கூப்பிடுவியா?"